படகுக்கு ஃபைபர் போடுகிற கடையில் மாடல் விமானத்துக்குச் சாமான் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் பாதிச் சாமான்தான். மீதிப் பாதியைக் கடைக்காரர் எவ்வளவு அன்பாக எடுத்து நீட்டினாலும் "இது வேண்டாம் காக்கா" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். (காக்கா என்றால் இந்தப் பக்கத்து முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன்.)

கடை ஏர்வாடிப் பக்கம், கடலோரமாக இருக்கிறது. பெயர் போடவில்லை, குறையும் எழுதப் போகிறேன் என்பதால். நாட்டுப்படகு, ஃபைபர் வள்ளம், விசைப்படகு எல்லாவற்றுக்கும் ரெசின், கண்ணாடி இழை மேட், பலகை, போல்ட், பெயின்ட், கயிறு, ஈயம் என்று எது கேட்டாலும் உள்ளே எங்கேயோ இருக்கும். பின்பக்கம் ஒரு கொட்டகை. அதில் எப்போதும் ஏதாவது ஒரு வள்ளம் கவிழ்த்துப் போட்டிருக்கும், நாலைந்து பேர் ரோலரோடு நிற்பார்கள், ரெசின் வாடை தெருமுனை வரைக்கும் வரும்.

அங்கே எனக்கு என்ன வேலை என்றால், நான் கட்டுவது புஷ்பக். பெங்களூரு ஹெச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை செய்த இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம், 1958இல் முதலில் பறந்தது, நம் ஊர் ஃபிளையிங் கிளப்புகளில் எத்தனையோ பேர் அதில் ஓட்டப் பழகியிருக்கிறார்கள். ஆனால் நாலில் ஒரு பங்கு (கால்) அளவில் ரேடியோ கன்ட்ரோல் மாடலாகக் கட்ட வேண்டுமென்றால் கடையில் கிட் கிடையாது, லேசரில் வெட்டி வந்த பலகை கிடையாது, படத்தைப் பெரிதாக்கி பிரிண்ட் போட்டுத் தரையில் விரித்து ஒவ்வொரு துண்டாக நாமேதான் வெட்ட வேண்டும். அசல் விமானத்தின் இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைக்குச் சுமார் 11 மீட்டர். கால் அளவு என்றால் 2 மீட்டர் 74 சென்டிமீட்டர். வீட்டு வரவேற்பறையில் குறுக்கே வைத்தால் ஆள் நடக்க இடம் இருக்காது.

எடைக் கணக்குதான் இதில் உயிர். நீளம் நாலில் ஒன்று ஆனால் பரப்பு பதினாறில் ஒன்று ஆகும், எடை அறுபத்து நாலில் ஒன்று ஆக வேண்டும். அசல் புஷ்பக் முழுச் சுமையோடு 610 கிலோ சொச்சம், அதனால் நம்முடையது ஒன்பதரை கிலோவுக்குள் நிற்க வேண்டும், அதைத் தாங்க இறக்கைப் பரப்பு ஒரு சதுர மீட்டர்தான். இதற்கு மேல் அரைக் கிலோ ஏறினாலும் இறங்குகிற வேகம் கூடும், லேண்டிங் கியர் வளையும். ஆகவே இந்தக் கடையில் நான் கையில் எடுக்கும் எதற்கும் முதலில் கேட்பது "இது எத்தனை கிராம்". இந்தக் கேள்வியைக் கேட்கிற முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். படகுக்காரர்கள் கனத்தை நம்புகிறவர்கள், அலை அடிக்கிற அடிக்கு அவர்கள் நம்புவது சரிதான். "இன்னும் ஒரு மேட் போட்டுருங்க தம்பி, ஆயுசுக்கும் நிக்கும்" என்பதுதான் அங்கே எல்லா வியாதிக்கும் மருந்து.

ராமநாதபுரம் மாவட்டத்தில் விமானம் என்று வாயைத் திறந்தால் கலாம் பெயர் வராமல் பேச்சு முடியாது. காக்காவும் சொன்னார்: "அவங்க வாப்பாவும் படகு கட்டுனவங்கதானே, அப்ப நீங்க இங்க வந்தது சரிதான்." வியாபாரப் பேச்சாகவே இருக்கட்டும், கேட்க நன்றாகத்தான் இருந்தது.

சரி, ரெசின். இங்கே "ரெசின்" என்று கேட்டால் தருவது பாலியெஸ்டர். வேகப்படுத்தக் கோபால்ட் கரைசல் சேர்த்து, இறுக வைக்கிற கேட்டலிஸ்ட் விட்டு அடித்தால் நம் ஊர் வெயிலில் சீக்கிரமே கட்டிப்படும். விலை மலிவு. ஆனால் அதில் ஸ்டைரீன் என்கிற கரைப்பான் இருக்கிறது, தெர்மாகோல் மேல் பட்டால் அப்படியே கரைத்துவிடும். இறக்கை முனைக்கோ வால் பகுதிக்கோ தெர்மாகோல் வெட்டி வைத்துக்கொண்டு மேலே இதைப் பூசினால், தடவிய இடமெல்லாம் உள்வாங்கிக் குழியாகிப் போகும். மரத்திலும் எபாக்சி என்கிற இன்னொரு வகை ரெசின் பிடிக்கிற அளவுக்கு இது பிடிக்காது, இறுகும்போது சுருங்கும் குணமும் உண்டு. பறக்கப் போகிற பாகத்துக்கு எபாக்சிதான், அதில் பேரம் கிடையாது.

எபாக்சி வெளியே அடுக்கில் இருக்காது. கேட்டால் உள்ளேயிருந்து எடுத்து வருவார், மரப்படகு வைத்திருக்கும் சிலர் ஒட்டு வேலைக்குக் கேட்பதால் எல்.ஒய். 556 ரெசினும் அதை இறுக வைக்கிற ஹெச்.ஒய். 951 ஹார்டனரும் சில்லறையாகத் தருகிறார். பாலியெஸ்டரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை. எடைக்குப் பத்துக்கு ஒன்று கலவை. இங்கே ஒரு எச்சரிக்கை. கொட்டகையில் கேட்டலிஸ்டை மூடியால் அளந்து விடுவார்கள், பாலியெஸ்டருக்கு அது ஓடும், ஏனென்றால் கொஞ்சம் கூடினால் வேகமாக இறுகும், குறைந்தால் மெதுவாக இறுகும், அவ்வளவே. எபாக்சி அப்படி இல்லை. ஹார்டனர் ரெசினோடு சேர்ந்துதான் பிணைப்பு உண்டாகிறது, கூடினாலும் குறைந்தாலும் சேராத மிச்சம் உள்ளேயே கிடந்து ஒருநாளும் முழுசாக இறுகாது. நகைக்கடைக்காரர் வைத்திருக்கிற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கலந்ததைக் குவளையிலேயே வைத்திருக்கவும் கூடாது, மொத்தமாக இருந்தால் சூடேறிப் புகைய ஆரம்பிக்கும், அகலத் தட்டில் ஊற்றிப் பரப்பிவிட்டால் நிதானமாக வேலை பார்க்கலாம்.

கடலோரத்துக்கே உரிய இன்னொரு தலைவலி ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கும்போது எபாக்சி பூசினால், இறுகிய பிறகு மேலே மெழுகு தடவியது போல ஒரு வழவழப்பு படியும். இது ஹார்டனர் காற்றிலிருக்கும் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாவது. அதன் மேலேயே அடுத்த பூச்சோ பெயின்டோ போட்டால் உரிந்துவரும். வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு நார்த்துண்டும் வைத்துத் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டால் போதும். தின்னர் போட்டுத் துடைக்கச் சொல்வார்கள் கொட்டகையில். அது வேண்டாம், இந்தப் படிவு தண்ணீரில் கரையும், தின்னர் அதை இழுவி இழுவிப் பரப்பத்தான் செய்யும்.

அடுத்து மேட். கடையில் அதிகம் ஓடுவது 450 கிராம் மேட், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம் கண்ணாடி இழை, துண்டுதுண்டாக வெட்டி ஒட்டியது. அது தன் எடையைப் போல இரண்டரை மடங்கு ரெசினைக் குடிக்கும். ஒரே ஒரு அடுக்கு போட்டாலே சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ வந்துவிடுகிறது. புஷ்பக்கின் மூக்கு மூடிக்கு, அதாவது எஞ்சினைச் சுற்றி வருகிற கௌலுக்கு, கால் சதுர மீட்டர் பரப்பு என்று வைத்தால் ஒரு அடுக்கிலேயே 400 கிராம் போயிற்று, ஒரு அடுக்கு போதவும் போதாது. அதுவே 200 கிராம் நெய்த கண்ணாடித் துணி என்றால் சம எடை ரெசின்தான் பிடிக்கும், இரண்டு அடுக்கு போட்டாலும் கௌல் 200 கிராமில் முடிந்துவிடும், உறுதியும் கூட. இன்னொரு சங்கதி, மேட்டில் துண்டு இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரீன் பட்டால்தான் இளகும், எபாக்சியில் இளகாது. அதனால் எபாக்சியையும் மேட்டையும் சேர்த்தால் மேட் வளையாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும், உள்ளே காற்று தங்கும். "எபாக்சியும் இருக்கு, மேட்டும் இருக்கு, ரெண்டையும் எடுத்துக்கங்க" என்று காக்கா சொல்வார், தலையாட்டிவிட வேண்டாம்.

200 கிராம் துணி அவரிடம் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி, குளியல் தொட்டி செய்கிறவர்களுக்காக இறக்குவது. ஆனால் துணியை ரோலாகச் சுருட்டித் தராமல் புடவை மாதிரி மடித்துத் தருகிறார்கள், மடிப்பு விழுந்த இடத்தில் இழை முறிந்துவிடும், ரெசின் போட்ட பிறகு வெள்ளைக் கோடாகத் தெரியும். நான் பி.வி.சி. பைப் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அதில் சுற்றித் தரச் சொல்கிறேன். முதலில் சிரித்தார்கள், இப்போது பையனே பைப்பைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். இறக்கை மேல் பலகைக்கு வேண்டிய 50 கிராம், 25 கிராம் துணி இங்கே கிடையவே கிடையாது.

அப்போது மேட்டும் பாலியெஸ்டரும் நமக்கு ஒன்றுக்கும் ஆகாதா என்றால், ஆகும், அச்சுக்கு. இந்தக் கடையின் நிஜமான மதிப்பு அங்கேதான் இருக்கிறது, அதுவும் சாமானை விட, பின்னால் கொட்டகையில் இருக்கும் மேஸ்திரியால். கௌலுக்கு முதலில் தெர்மாகோலில் மூக்கின் வடிவத்தைச் செதுக்கி, மேலே சுவருக்குப் பூசுகிற புட்டி போட்டு, தேய்த்து, பெயின்ட் அடித்துக் கொண்டுபோனேன். புட்டியும் பெயின்டும் நடுவில் நிற்பதால் ஸ்டைரீன் தெர்மாகோலைத் தொடாது. மேஸ்திரி அதைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்து, கட்டை விரலால் ஒரு முறை நெடுக்கத் தடவினார். "இங்க ஒரு பள்ளம் இருக்குண்ணே" என்றார். கண்ணுக்குத் தெரியவில்லை, பென்சிலால் தேய்த்துப் பார்த்தால் தெரிந்தது. வள்ளத்தின் வயிற்றில் பள்ளம் இருந்தால் தண்ணீர் இழுக்கும் என்பதற்காகப் பழகிய விரல் அது, காற்றுக்கும் அதே நியாயம்தான்.

அச்சு ஒட்டாமல் பிரிந்து வருவதற்கான வாக்ஸை ஒரு தடவை தடவிவிட்டு ரெசின் ஊற்றுகிற அவசரக்காரர்கள் இருக்கிறார்கள். இவர் தடவி, காயவிட்டு, துடைத்து, மறுபடி தடவி, அப்புறம் அதே வேலைக்கான பி.வி.ஏ. கரைசலைப் பஞ்சில் தொட்டு மெல்லிசாக இழுத்தார். அதன் மேல் அச்சின் வழவழப்பான மேல்தோலாகிற ஜெல்கோட் ரெசின், ஒரு பூச்சு. அது விரலில் ஒட்டும் ஆனால் விரலோடு வராது என்கிற பதத்தில் இருக்கும்போது மேட். அச்சு கனமாக இருந்தால்தான் வளையாது, ஆகவே இங்கே அவர் இஷ்டத்துக்கு அடுக்கு மேல் அடுக்காகப் போடட்டும் என்று விட்டுவிட்டேன். கௌலுக்கு நடுவில் மடக்கிய காது மாதிரி ஒரு விளிம்பு வைத்து அச்சை இரண்டு பாதியாகச் செய்யச் சொன்னதும் அவர்தான், அப்படிச் செய்யாவிட்டால் முன்பக்கம் குறுகுகிற வடிவத்தில் உள்ளே மாட்டிக்கொண்டு வெளியே வராது.

அந்த அச்சில் எபாக்சியும் துணியும் போட்டுக் கௌலை எடுத்தது என் வீட்டில். எடுத்ததைக் கொண்டுபோய் மேஸ்திரியிடம் காட்டினேன். சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து, விரல் அகலத்துக்கு ஒரு தட்டாக, காது பக்கத்தில் வைத்துக்கொண்டு சுற்றிலும் தட்டிப் பார்த்தார். எல்லா இடத்திலும் "டிக் டிக்" என்று வந்த சத்தம் எக்ஸாஸ்ட் ஓட்டைப் பக்கம் "தொப்" என்று அமுங்கியது. அங்கே பென்சிலால் வட்டம் போட்டார். ஊசி முனையளவு ஓட்டை போட்டு, மெல்லிய எபாக்சியை ஊசியில் உள்ளே விட்டு, மேலே பாலித்தீன் தாள் வைத்து அமுக்கிக் கட்டச் சொன்னார். நிஜ விமானத்தின் ஃபைபர் பாகங்களையும் காசால் தட்டித்தான் சோதிப்பார்கள் என்று நான் சொன்னபோது பெரிதாக ஆச்சரியப்படவில்லை, "பின்ன வேற எப்படித் தெரியும்" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அச்சு வேலைக்குக் கூலி கேட்கவே இல்லை, வற்புறுத்தித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

ஏரோசில் என்று ஒரு வெள்ளைத் தூள் வைத்திருக்கிறார்கள், ஜெல்கோட் வழியாமல் இருக்கக் கலப்பது. பை பெரிதாக இருக்கும், தூக்கினால் கனமே இருக்காது. இதை எபாக்சியில் கலந்து பசை போலக் குழைத்தால் ஃபயர்வால், அதாவது எஞ்சின் மாட்டுகிற முன்பலகை, சேருகிற மூலையில் விரலால் இழுத்துவிட அருமையாக இருக்கிறது. மூக்கு மூடாமல் அந்தப் பையைத் திறக்காதீர்கள், அது நுரையீரலுக்குப் போகிற தூள். ஆனால் சுண்ணாம்புத் தூள் கலந்த ரெடிமேட் புட்டியை மட்டும் வாங்க வேண்டாம். ஒரு டப்பா தேய்ப்பதற்குள் கால் கிலோ ஏறிவிடும். புட்டியை லேசாக்குகிற மைக்ரோ பலூன் தூள் இங்கே இல்லை, அது ஆன்லைன்தான்.

பலகையில் கடை நியாயமாக இருக்கிறது. ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட் வைத்திருக்கிறார்கள். 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் கிடந்தாலும் பிரியக் கூடாது என்பது அந்தத் தரத்தின் சோதனை. கனமான பலகைதான், 6 மில்லி என்றால் சதுர மீட்டருக்கு நாலு கிலோவுக்கு மேல் போகும், ஆகவே எஞ்சினைத் தாங்குகிற ஃபயர்வாலுக்கும் லேண்டிங் கியர் அமருகிற பலகைக்கும் மட்டும். ஃபயர்வால் ஒரு சாண் சதுரம்தான், அதில் இந்த எடை கவலை இல்லை, 30 சிசி பெட்ரோல் எஞ்சின் உதறுகிற உதறலுக்கு இது வேண்டும். நல்ல விஷயம் என்னவென்றால் வெட்டி மிஞ்சிய துண்டுகளை மூலையில் போட்டு வைத்திருக்கிறார்கள், நமக்கு வேண்டிய அளவு அதிலேயே தேறும், கிலோ கணக்கில் தருவார்கள். உடம்பின் குறுக்குச் சட்டங்களான மற்ற ஃபார்மர்களுக்கெல்லாம் லைட் பிளை என்கிற லேசான பிளைவுட்டும் பால்சா என்கிற லேசான மரமும்தான், அது இரண்டும் வெளியிலிருந்து தருவித்தாக வேண்டும்.

போல்ட், நட் விஷயத்தில் இந்தக் கடையை அடித்துக்கொள்ள முடியாது. எஸ்.எஸ். 316, எம்3-லிருந்து மேலே எல்லா அளவிலும், உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டோடு. ஹாபி கடையிலிருந்து வருகிற முலாம் பூசிய போல்ட்டும், கம்பி முனையில் மாட்டுகிற கிளெவிஸ் கொக்கியும் நம் கடற்காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது, பழுப்பேறிவிடும். ஒன்று மட்டும், எஸ்.எஸ். போல்ட்டில் எஸ்.எஸ். நட்டை வறட்டு வறட்டென்று முடுக்கினால் பாதியில் பிடித்துக்கொண்டு முன்னேயும் வராது பின்னேயும் போகாது. ஒரு பொட்டு கிரீஸ் தொட்டுக்கொண்டு கையால் நிதானமாக முடுக்க வேண்டும்.

வலைச் சாமான் பக்கம்தான் எனக்குப் புதையல். பல்லுள்ள பெரிய மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்கள் முள்ளுக்கு மேலே கட்டுகிற நைலான் உறை போட்ட எஸ்.எஸ். கம்பியும், அதை நெரித்துப் பிடிக்கிற சின்னக் குழாய்களும் இருக்கின்றன. சுக்கானை இரண்டு பக்கமும் இழுக்கிற கேபிளுக்கு அப்படியே பொருந்துகிறது. ஹாபி கடையில் இதே கம்பி சின்னப் பொட்டலத்தில் இரண்டு மீட்டர் இருக்கும், விலையைப் பார்த்தால் மனசு வராது. இங்கே சுருளாகவே கிடைக்கிறது. அப்புறம் ஈயம். வலையில் கோக்கிற ஈயக்குண்டு. இறக்கையின் முன் விளிம்பிலிருந்து கால் பங்குக்குக் கொஞ்சம் பின்னால் விமானம் சமநிலையில் நிற்க வேண்டும், வால் கனத்தால் மூக்கில் எடை வைத்தாக வேண்டும். ஒரே அளவு குண்டு என்பதால் எண்ணி எண்ணி வைத்துப் பார்க்க வசதி. சமன் கிடைத்ததும் எபாக்சியில் புதைத்து ஃபயர்வாலில் இறுக்கிவிடலாம். ஆகாயத்தில் போகிற சாமானுக்கு ஈயம் எதற்கு என்று கல்லாவில் இருந்த பையனுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.

வாங்கவே கூடாதது எண்ணெய். வெளியே மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சினுக்கான டூ ஸ்ட்ரோக் ஆயிலை நமக்கும் எடுத்துக் கொடுப்பார்கள், "இதுவும் டூ ஸ்ட்ரோக்குதானே". அது டி.சி.டபிள்யூ 3 வகை, தண்ணீரால் குளிர்கிற எஞ்சினுக்கானது. நம் எஞ்சின் காற்றால் குளிர்கிறது, சூடு அதிகம், அதற்கு ஜே.ஏ.எஸ்.ஓ. எஃப்.டி. என்று போட்ட ஆயில்தான் வேண்டும், ராமநாதபுரம் டவுனில் மரம் அறுக்கிற மெஷின் விற்கிற இடங்களில் கேட்டுப் பாருங்கள். பெட்ரோல் பைப்பும் இங்கே உள் துவாரம் பெரிது, நமக்கு 3 மில்லி போதும். சிலிக்கான் டியூப் வாங்கிவிடாதீர்கள், பெட்ரோலில் ஊதிப் பெருத்துவிடும்.

இனி குறைகள். பெரிய குறை ஒன்று இருக்கிறது, அதை மட்டும் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. கேட்டலிஸ்டைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தருகிறார்கள், மேலே ஒரு எழுத்துகூட இல்லாமல். பார்த்தால் தண்ணீர் மாதிரியே தெளிவாக இருக்கும். குடித்தால் தொண்டையும் வயிறும் வெந்துவிடும், கண்ணில் பட்டால் பார்வை போகும். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். கோபால்டும் அதே மாதிரி பாட்டிலில், அதே பையில். இந்த இரண்டும் ரெசின் இல்லாமல் நேருக்கு நேர் கலந்தால் வெடிக்கக்கூடும், கோபால்டை முதலில் ரெசினில் கலக்கி அடித்துவிட்டுப் பிறகுதான் கேட்டலிஸ்ட் என்பது கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் அலட்சியம். இது தெரியாத ஒருவர் புதிதாக வந்து வாங்கினால்? காக்காவிடம் சொன்னேன், "சரி தம்பி, ஸ்டிக்கர் ஒட்டிரலாம்" என்றார், இன்னும் ஒட்டவில்லை. இரண்டையும் தனித்தனிப் பையில் வாங்கி, கடை வாசலிலேயே மார்க்கரால் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தில் ஒன்றரை நட்சத்திரம் இதற்காகவே குறைக்கிறேன்.

ஹார்டனர் பாட்டிலில் தேதி பாருங்கள். எபாக்சி இங்கே மெதுவாக ஓடுகிற சரக்கு, பழசு நிற்கும். நிறம் தேன் போலக் கறுத்திருந்தால் புதுசு கேளுங்கள், தருவார், முகம் சுளிக்க மாட்டார்.

போகிற காலமும் முக்கியம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. இந்த 61 நாளும் படகையெல்லாம் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், கடையில் கால் வைக்க இடம் இருக்காது, ரெசின் கேன் இறங்கும்போதே போய்விடும், மேஸ்திரியிடம் பேச்சுக் கொடுக்கவும் முடியாது. கௌல், மூக்கு, அச்சு என்று நம் சில்லறை வேலையோடு அப்போது போய் நிற்பது நமக்கே நன்றாக இருக்காது. ஆடியில் கச்சான் காற்று பேய் மாதிரி அடிக்கும்போது நாட்டுப்படகுக்காரர்கள் பலர் கரையில் இருப்பார்கள், அந்தச் சமயம் கொட்டகை கொஞ்சம் ஓய்வாக இருக்கும். தை, மாசிதான் ரெசின் வேலைக்கும் நல்ல பருவம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குக் கடை அடைத்திருக்கும்.

ஆன்லைனோடு ஒப்பிட்டுச் சொல்வதானால், பால்சா, லைட் பிளை, சர்வோ மோட்டார், பேட்டரி, எஞ்சின், புரொபெல்லர் எல்லாம் அங்கேதான், வேறு வழியில்லை. ஆனால் கடைசியாக வந்த பால்சா பெட்டியில் பாதி பலகை நடுவில் முறிந்திருந்தது, புகார் செய்தால் "பெட்டியைத் திறக்கும் வீடியோ இருக்கிறதா" என்று கேட்கிறார்கள். கடல் தாண்டி வந்த மரம், நம் ஊர் கூரியர் வண்டியில் ஒடிகிறது. காக்கா கடையில் பலகையை வளைத்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, பிடிக்காவிட்டால் திரும்ப வைத்துவிட்டு வரலாம், ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். பில் கேட்டால் மட்டும் துண்டுச் சீட்டில் பென்சிலால் மொத்தத் தொகை எழுதித் தருவார்.

எங்கே பறக்கவிடப் போகிறாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள், கடையிலும் அதுதான் பேச்சு. கடற்கரையில் நிச்சயம் இல்லை. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருக்கிறது, எதிரே சர்வதேசக் கடல் எல்லை, மண்டபம் ராமேஸ்வரம் பக்கம் அந்த எண்ணமே வேண்டாம். 2021 டிரோன் விதிகளில் 25 கிலோ வரை உள்ள மாடல் விமானத்துக்கு, பொழுதுபோக்குக்காக, கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள் என்று தனி வகையே இருக்கிறது. அதற்காக எங்கு வேண்டுமானாலும் விடலாம் என்று அர்த்தமில்லை, எங்கே பறக்கவிடலாம் என்று நிறத்தால் காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் இடத்தின் நிறத்தைப் பார்த்து, ஊர்க் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான். மேற்கே, கடலாடியைத் தாண்டி, கோடையில் காய்ந்து கிடக்கும் கண்மாய் உள்வாய் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். தரை பாளம் பாளமாக வெடித்திருக்கும், ஓரமெல்லாம் சீமைக் கருவேலம். காற்றடைக்கிற டயர் அந்த முள்ளுக்கு ஒரு ஓட்டம்கூடத் தாங்காது, திட ரப்பர்தான்.

கடைசியாக ஒன்று. 50 கிராம் கண்ணாடித் துணி இறக்க முடியுமா என்று காக்காவிடம் கேட்டதற்கு, முழு ரோலாகத்தான் தருவார்கள், பாதியாவது விற்கும் என்றால் இறக்குகிறேன் என்றார். மதுரை, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் பெரிய மாடல் கட்டுகிறவர்கள் எத்தனை மீட்டர் வேண்டும் என்று சொன்னால் தை பிறந்ததும் போய் ஆர்டர் கொடுத்துவிடலாம். எனக்கு எட்டு மீட்டர்.